ஒன்பது பேர் தூங்கும் தரைக்கு ஒரு கார்பெட்

சந்தனமாரி விலை கேட்க ஆரம்பித்தால் கடைக்காரருக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். அவளோடு நான்கு வருடம் ஒரே அறையில் குடியிருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது கட்டுக்கதை இல்லை.

அறையில் நாங்கள் ஒன்பது பேர், எல்லோரும் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கத்துப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. காலைக்கு ஏ, மதியத்துக்கு பி, ராத்திரிக்கு சி என்று மூன்று ஷிப்டிலும் மும்மூன்று பேர் இருந்தோம். ஒரு கூட்டம் எழுந்து போனால் இன்னொரு கூட்டம் வந்து படுக்கும். அந்தத் தரை காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

தரை என்று நான் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பெருக்கப் பெருக்க சிமெண்டு மாவாக வந்துகொண்டே இருக்கும். 2011-ல் அந்தத் தூசி இசக்கிசெல்வியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்களில் சின்னவள் அவள். படுத்தால் இழுக்கும், எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூங்குவாள். தூசியில் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து அவள் அப்பா போன் செய்தார். தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் தானே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். அங்கே ஒரு மாமன் மகன் தயாராக நின்றான். இசக்கி அன்று முழுக்க அழுதாள். அவளுக்கு வேலையும் வேண்டும், அந்த மாமன் மகனும் வேண்டாம்.

வீட்டுக்காரம்மா லூர்தம்மாளிடம் புதுத் தரை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டோம். “ஒரு மாசம் ரூமைக் காலி பண்ணிக் குடுங்க, போட்டுத் தர்றேன்” என்று சிரித்தார்.

“நம்மளே கார்பெட் விரிச்சிருவோம்” என்றாள் சந்தனமாரி. கார்பெட் என்றால் கம்பளம் இல்லை, சுருளாக விற்கும் பிளாஸ்டிக் விரிப்பு. ஒன்பது பேரும் போட்டுச் சேர்த்ததில் நாலாயிரம் தேறியது.

முதல் கடையில் சதுர அடி பதினெட்டு ரூபாய் என்றார்கள். மலிவுதான் என்று நான் பல்லைக் காட்டிவிட்டேன். சந்தனமாரி காட்டவில்லை. “பசைக்கு எவ்வளவு? கூலி எவ்வளவு? வண்டி வாடகை யாரு குடுக்கது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் சேர்ந்தபோது தொகை ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த கடையிலும் இதே கதைதான்.

கடைசியாக ஒரகடம் சாலையில் இருந்த கோதண்டத்தின் கடைக்குப் போனோம். வெளிநாட்டு ஆபீசர்களின் வீடுகளுக்கெல்லாம் கார்பெட் போடுகிறவர், சொந்த ஊர் மணிமங்கலம். மொத்தமாக ஐயாயிரத்து ஐந்நூறு என்றார்.

“பிரிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“இன்னாம்மா பிரிக்கிறது? ஷீட்டு ரெண்டாயிரத்து அறுநூறு. பசை தொள்ளாயிரம். கூலி ரெண்டாயிரம்.”

“ஒரு ரூமுக்கு ரெண்டாயிரம் கூலியா?”

கோதண்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க ரூமுங்களுக்கு நான் மூணு தபா வரணும்மா! போன மாசம் ஒரு பசங்க ரூமுக்குப் போனேன். எப்பப் போனாலும் நடுவுல ஒருத்தன் தூங்கினு கீறான். எழுப்புனா அடிக்க வரான். சாயங்காலம் வரிக்கும் வாசல்ல குந்திகினு திரும்பி வந்தேன். எம்பொழப்பு இன்னா ஆவுறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தனமாரிக்கு வரவில்லை. “நீங்க கேக்கது நியாயந்தான். ஒரே தடவையில முடிஞ்சா கூலி எவ்வளவு?”

“எழுநூறு. ஆனா தரை எனக்குக் காலியா வேணும்.”

“காலியா இருக்கும். பசை வேண்டாம். அந்த வாடை எங்க புள்ளைக்கு ஆவாது.”

“பசை இல்லாங்காட்டி ஓரம் தூக்கும்மா.”

“ஓரத்துல பெட்டிய வச்சுக்கிடுதோம்.”

மூவாயிரத்து முந்நூறு. பேசி முடித்துவிட்டு வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. “ஏட்டி, தரையை எப்படிக் காலி பண்ணுவ? சி ஷிப்டுக்காரிங்க எங்க படுப்பாளுக?”

“பஸ்ல” என்றாள்.

எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிற ரகுபதி அண்ணன், காலையில் சி ஷிப்டை இறக்கிவிட்டு, மதியம் வரை பக்கத்துக் காலி மனையில்தான் வண்டியை நிறுத்துவார். அவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தாள் அந்தப் பாவி.

அடுத்த வியாழக்கிழமை ஏ ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டது. இசக்கியும் மற்ற இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து, பஸ்ஸிலேயே திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். மிச்சம் இருந்தது பி ஷிப்டான நாங்கள் மூவர். கண்ணைத் திறக்க முடியாமல் பெட்டி, குடம், அரிசி மூட்டை எல்லாவற்றையும் வாசலுக்குச் சுமந்தோம். அன்று சந்தனமாரியை நான் திட்டிய திட்டுகளை எழுத முடியாது.

கோதண்டம் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். “மெய்யாலுமே காலி பண்ணிட்டீங்களா!” என்றார். உச்சிவெயிலுக்கு முன் வேலை முடிந்தது. மிஞ்சிய துண்டைச் சமையல் மூலைக்கு வெட்டி, காசு கேட்காமல் போட்டுக்கொடுத்தார்.

அவர் தலை மறைந்ததும் லூர்தம்மாள் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். “சோக்கா கீது. கார்பெட் ரூமுக்கு வாடகையே வேறடி. அடுத்த மாசத்துலேர்ந்து ஆளுக்கு எரநூறு சேத்துக் குடுங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போதுதான் இசக்கி பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையணையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சந்தனமாரி சண்டை போடவில்லை. குனிந்து கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். “இதை ஒட்டல அக்கா. பாய் மாதிரி சும்மா விரிச்சிருக்கோம். உங்க தரைக்குப் பழைய வாடகைதான. அது அப்படியே கெடக்கு, பாத்துக்கோங்க.” சொல்லிக்கொண்டே சரசரவென்று சுருட்ட ஆரம்பித்தாள். நாங்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அடியில் கிடந்த மாவு புகையாகக் கிளம்பியது. லூர்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார், இருமல் நிற்கவே இல்லை. இருமிக்கொண்டே வாசலில் நின்ற இசக்கியைப் பார்த்தார்.

“விடு, விரிச்சிக்கோ. வாடகை இருக்கிறபடி இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் இசக்கியின் அப்பா சொன்னபடி வந்து நின்றார். மகள் நைட் ஷிப்ட் முடிந்து, கார்பெட்டில் கையைக் காலை நீட்டி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று கை காட்டிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். இருமலும் இல்லை, இழுப்பும் இல்லை. மேல்துண்டால் கண்ணைத் துடைத்தவர், சந்தனமாரியிடம் மெதுவாகக் கேட்டார்.

“இதுக்கு எவ்வளவும்மா ஆச்சு?”

“மூவாயிரத்து முந்நூறு மாமா.”

“இன்னும் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்” என்றார்.

ஷீட்டு, கூலி என்று சந்தனமாரி மறுபடியும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவர், மகள் எழும்வரை காத்திருந்து, அவளோடு ஒரு டீ குடித்துவிட்டு, தனியாகவே ஊருக்குப் பஸ் ஏறினார்.