சலூனில் இருந்தவனை டிரம்மில் தேடினார்கள்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் நடந்தது இது. பிள்ளைகளா, உங்க அப்பாமார் யாரும் இந்த மாதிரி விஷயத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், எனக்கு வெட்கமும் கம்மி. அதனால் சொல்கிறேன்.

எங்க கம்பெனியில் ரப்பர் கலக்கும் பெரிய டிரம் ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் உள்ளே குனிந்து நிற்கலாம். அதைச் சுத்தம் செய்யப் போகிறவன், மெயின் சுவிட்சில் தன்னுடைய சிவப்புப் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்கணும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அவனே வந்து திறந்தால்தான் மிஷின் ஓடும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. யார் பூட்டு என்று தெரிய, கூடவே போட்டோ ஒட்டின அட்டையும் தொங்கும்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தூக்கம் நாலு மணி நேரம்தான். யாரும் என்னை எழுப்பி வைக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துக்கினு நானேதான் முழித்திருப்பேன். காலையில் நாஷ்டா சாப்பிடும்போதும் கையில் போன். ஒரு நாளைக்கு ஏழு டீ, சர்க்கரை தூக்கலா. பக்கத்துத் தெருக் கடைக்குப் போகக்கூட பைக்.

அன்றைக்கு ஷிப்ட் முடிகிற நேரம். டிரம்மைத் துடைத்துவிட்டு வெளியே வந்து, பூட்டைத் திறக்கத்தான் போனேன். வழியில் கழற்றி மாட்டியிருந்த சட்டைக்குள் போன் கத்தியது. மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். குரங்கு ஒன்று தட்டு போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறது. சிரித்துக்கொண்டே சட்டையைப் போட்டேன், சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டினேன். பூட்டைத் திறக்கவில்லை. வெளியே போகும்போது வைக்க வேண்டிய கைரேகையும் வைக்கவில்லை. நேராக பஜார் சலூனில் போய் உட்கார்ந்தேன். முகம் பூரா நுரை போட்டதும் அப்படியே தூங்கிப்போனேன். போனும் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது.

அங்கே கம்பெனியில் அடுத்த ஷிப்ட் ஆட்கள் நாற்பது பேர் வந்து பார்த்தால், மிஷின் நிற்கிறது, பூட்டு தொங்குகிறது, அட்டையில் நான் சிரித்துக்கினு இருக்கிறேன். கைரேகைக் கணக்குப்படியும் நான் உள்ளேதான். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆள் இல்லை. அப்போ மிஷினுக்கு அடியில் இருக்கிற இருட்டுக் குழியில் விழுந்திருப்பான் என்று ஒருத்தர் சொல்ல, நாற்பது பேரும் குழியைச் சுற்றி நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்க எலக்ட்ரீஷியன் பாதி உடம்பை உள்ளே விட்டு, "தம்பி, பயப்படாத, நாங்க எல்லாம் இங்கதான் கீறோம்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார்.

என் போன் கிடைக்காததால், வீட்டுக்குத் தகவல் சொல்ல ரெண்டு பேர் பைக்கில் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டே பஜாரைத் தாண்டும்போது ஒருத்தன் சலூனுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான்.

"யோவ்! நீ குழியில இல்லியா?"

திடுக்கிட்டு முழித்தேன். "குழியா? நான் ஷேவிங் பண்ணிக்கினு கீறேன்பா."

"உன்னால அங்க இன்னா பேஜாரு தெரியுமா? பாக்கெட்ல கைய உடு!"

விட்டேன். சாவி இருந்தது. பாதி முகம் மழித்தும் பாதி முகம் நுரையுமாக, சலூன்காரர் போர்த்திவிட்ட துணியை இறக்கைபோல விரித்துக்கொண்டு அந்த பைக்கில் நான் போனதை பஜாரில் பார்க்காத ஆள் இல்லை.

என்னைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது. அப்புறம் நாற்பது பேரும் முறை வைத்துத் திட்டினார்கள். மேனேஜர் மட்டும் திட்டவில்லை. "பூட்டைக் குடுத்துட்டுப் போ. டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா வாங்கிக்க. இல்லாட்டி வேற வேலை பாத்துக்க" என்றார். அதுதான் வலித்தது. பூட்டு இல்லாதவன் மிஷின் பக்கம் போக முடியாது. எனக்கு மறதி நோய் வந்துவிட்டது, பிழைப்பு போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் அதிகம். "நேத்து காலையில இன்னா சாப்பிட்டீங்க?" என்றார். யோசித்தேன், வரவில்லை. "கடைசியா பார்த்த வீடியோ?" என்றார். குரங்கு தட்டைத் தள்ளியதிலிருந்து சட்னி கேட்டதுவரை நடித்தே காட்டினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. நீங்க எதுல மனசு வைக்கிறீங்களோ அதைத்தான் அது வெச்சிக்கும். பகல்ல பார்த்ததை மூளை அடுக்கி வைக்கிறதே நீங்க தூங்கும்போதுதான். நீங்க தூங்கினாத்தானே அது வேலை செய்யும்?" என்றார். தினமும் வேர்க்கிற மாதிரி நடை, கீரை, மீன், பழம், சர்க்கரையும் உப்பும் கம்மி, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று சொன்னார். அப்பவும் மறதி கூடிக்கொண்டே போனால் மறைக்காமல் வரச் சொல்லி, ஒரு மாசம் தவணை கொடுத்தார்.

வீட்டில் என் மகள் மேனேஜருக்கும் மேலே போய்விட்டாள். ஒன்பது மணி ஆனால், "நைனா, போனு" என்று கையை நீட்டுவாள். முதல் வாரம் கையை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நடந்து போகும்போது சும்மா ஆட்டிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரருக்கு மீசை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. மகள் செஸ் கற்றுக்கொடுத்தாள். பதினொரு நாள் தோற்றேன். பன்னிரண்டாம் நாள் டிரா. வீட்டுக்காரி எனக்காக வடை சுட்டாள், டாக்டரம்மாவிடம் சொல்லாதே என்று.

மாசக் கடைசியில் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா கேட்டதற்கு மூணு நாள் நாஷ்டாவை வரிசையாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். மேனேஜர் பூட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

என் மறதி என் தலைக்குள் இருக்கிற சொந்த விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன் பிள்ளைகளா. நடுங்கிக்கொண்டு ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடித்த பிறகுதான், நான் நேரத்துக்குப் படுப்பதில் அவருக்கும் பங்கு உண்டு என்று புரிந்தது.