ஜீப்புக்குள் போன பட்டு நூல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தேவிகாபுரம் போகிற ரோட்டில் என் ஜீப்பின் அடியிலிருந்து புகை வந்தது.

இதில் என்ன அதிசயம்? பழைய ஜீப் என்றால் புகை வரத்தான் செய்யும். ஆயில் புகை, டீசல் புகை, வயர் எரிகிற புகை... எல்லாம் பார்த்தவன் நான். ஆனால் இந்த வாசனை புதிது.

பக்கத்து சீட்டில் என் மனைவி கல்யாணி. ஆரணியில் ஒரு சேலைக் கடையில் பட்டுச் சரக்கைப் பார்த்து வாங்குகிற வேலை அவளுக்கு. இருபது வருஷமாக அதே வேலை. சேலையிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் காட்டி, மோந்து பார்ப்பாள். முடி கருகுகிற வாசனை வந்தால் அசல் பட்டு. பிளாஸ்டிக் வாசனை வந்தால், சேலை கொண்டுவந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான்.

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க. பட்டு கருகுது" என்றாள்.

"உன் முந்தானை எங்கயாவது மாட்டிகினு இருக்கப் போகுது. பாரு."

"என் சேலை நல்லாதான் இருக்குது. உங்க வண்டிதான் கருகுது. அசல் பட்டு!"

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வண்டி 'ங்ங்ங்' என்று ஒரு தரம் முனகி, ஒரு உதறு உதறி, புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

பழைய வாசகர்களுக்கு என் ஜீப்பைத் தெரியும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு இரும்புப் பெட்டி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். இன்ஜின் கொடுக்கிற பலத்தை முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். பங்காளிகளுக்குப் பாகம் பிரிக்கிற பெரிய மனுஷன் மாதிரி. அந்தப் பெரிய மனுஷன் ஒரு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானே வீட்டில் வைத்துக் கழற்றி, கியர்களைத் தாங்குகிற இரும்புத் தண்டான ஷாஃப்ட்டைத் தடிமனாகப் புதுசு போட்டு, மலை ஏற இன்னும் மெதுவான கியரும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

"மெதுவா போறதுக்கா இவ்ளோ பாடு?" என்று கல்யாணி அப்போதே கேட்டாள். "இப்ப மட்டும் இன்னா, பறந்துகினா இருக்குது?"

சரி, ஊரில் மெக்கானிக் இல்லையா? நீயே ஏன் கழற்றினாய்? நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டு வருஷமாக என் ஜீப்பைப் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். என்னை 'அண்ணாத்தே' என்பார், கல்யாணியை 'அண்ணி' என்பார். போன வருஷம், பத்திரிகையில் நான் வாரா வாரம் எழுதுகிற இதே பத்தியில், எழுத ஒன்றும் கிடைக்காத ஒரு வாரம், அவரைப் பற்றி எழுதினேன். 'எங்கள் ஊர் மெக்கானிக்குக் கடவுள் கொடுத்த ஒரே டூல் சுத்தியல். தலைவலி என்று போனாலும் அதைத்தான் எடுப்பார்' என்று. பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? ஆரணியில் ஜீப் பார்க்கிற மெக்கானிக் எத்தனை பேர்?

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். கடிதம் போட்டீர்கள். நான் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த தடவை ஷெட்டுக்குப் போனபோது பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேலை ஜாஸ்தி, சார். வேற எடம் பாருங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'சார்' இருக்கிறதே... வீடு வரும்வரை காதிலேயே நின்றது. மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஒரு வேலை வந்துவிடும். வேறு மெக்கானிக்கிடம் போகவும் மனசு வரவில்லை. கடைசியில் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்பதைவிட டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றுவது சுலபம் என்று தீர்மானித்தேன். கௌரவம் பிடித்த ஆண்பிள்ளைகள் எடுக்கிற முடிவெல்லாம் இந்த ரகம்தான்.

குரு யார்? வீடியோதான். ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரர். பதினோரு தடவை பார்த்தேன். எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது — சமையல் வீடியோ பார்த்துவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி.

கழற்றுவது சுகமாக இருந்தது. கழற்றுவது எப்போதுமே சுகம்தானே? மாட்டும்போதுதான் வந்தது வினை. ஒரு கியருக்குள்ளே, ஊசி மாதிரி மெல்லிய இரும்பு உருளைகளை வட்டமாக அடுக்க வேண்டும். நடுவில் ஷாஃப்ட்டைச் செருக வேண்டும். உருளைகள் விழாமல் இருக்க, கிரீஸ் தடவி ஒட்ட வைக்கிறார் வெளிநாட்டுக்காரர். அவர் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. எனக்கோ சித்திரை மாசம், ஆரணி வெயில், தகர ஷீட் போட்ட கார் ஷெட். தடவின கிரீஸ் நெய்யாக உருகி ஓடியது. உருளைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து, கட்டிலுக்கடியில் ஒளிகிற பிள்ளைகள் மாதிரி மூலைக்கு மூலை ஓடின. பொறுக்கினேன். அடுக்கினேன். விழுந்தன. பொறுக்கினேன்.

மூன்றாவது நாள்தான் அந்த 'ஐடியா' வந்தது. கல்யாணி வீட்டில் வைத்திருந்த சாம்பிள் நூல் கண்டிலிருந்து அரக்குக் கலரில் நாலு முழம் எடுத்தேன். வட்டமாக அடுக்கின உருளைகளை இரண்டு ஓரத்திலும் நூலால் சுற்றிக் கட்டினேன். கியருக்குள் தள்ளினேன். ஒன்றுகூட விழவில்லை! ஷாஃப்ட் உள்ளே போனதும் நூலை உருவிவிடலாம் என்பது திட்டம். ஷாஃப்ட் போக மறுத்தது. என்ன செய்தேன் தெரியுமா? சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்தேன். நாலு போடு போட்டேன். உள்ளே போய்விட்டது.

ஒரு பக்கத்து நூல் உருவி வந்தது. மறுபக்கத்து நூல் வரவில்லை. போகட்டும், நூல்தானே, நாலு சுற்று சுற்றினால் தானாக அறுந்துவிடும் என்று மூடிவிட்டேன்.

ஆரணியில் பிறந்தவன் நினைக்கிற நினைப்பா இது? எங்கள் ஊர்ப் பட்டு லேசில் அறாது என்று வெளியூர்க்காரர்களிடம் வாய் வலிக்கப் பீற்றிக்கொள்கிறவன் நான்.

புளியமரத்தடிக்கு வருவோம். என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே கல்யாணி போனை எடுத்துவிட்டாள். "பாய், அண்ணி பேசறேன். தேவிகாபுரம் ரோட்ல மாட்டிகினோம். ஆமா, அவருதான் கழட்டினாரு... ஆமா, அவரேதான் மாட்டினாரு." அந்தப் பக்கம் பாய் சொன்னது எனக்கும் கேட்டது: "அங்கயே இருங்க அண்ணி, வரேன்."

எனக்கு ஒரே பயம். வண்டிக்காக இல்லை. பாய் வந்து, வேலையை முடித்து, மறுபடி ஒரு 'சார்' சொல்லிவிட்டுப் போய்விட்டால்? அதோடு பதினெட்டு வருஷம் முடிந்தது என்று அர்த்தம்.

மொபெட்டில் வந்து இறங்கினார். கல்யாணிக்கு ஒரு வணக்கம். என்னைப் பார்க்கவில்லை. சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் போனார். கொஞ்சம் ஆறவிட்டு, ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்து, பெட்டியின் அடிமூடியைத் திறந்தார். டார்ச் அடித்தார். குறடு கேட்டார். கொடுத்தேன்.

எதையோ பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. அரக்குக் கலர், பாதி கருகி, ஆயிலில் ஊறி... அறாமல் வந்துகொண்டே இருந்தது. பாய் கையை நிறுத்தி அதையே பார்த்தார். அடியிலிருந்து குலுங்குகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். மனுஷன் படுத்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே... நூலு இருக்குது, முந்தானை எங்க?"

அண்ணாத்தே!

சிரிக்கிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கல்யாணி பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

வண்டியை டிராக்டரில் கட்டி பாயின் ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். மறுநாள் பாய் எல்லாவற்றையும் பிரித்து, புது உருளைகளை அடுக்கினார். கிரீஸ் தடவித்தான் அடுக்கினார். ஒன்றும் உருகவில்லை. எப்படி? கிரீஸ் டப்பாவை விடியற்காலையிலிருந்து மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். கெட்டி வெண்ணெய் மாதிரி இருந்தது. ஷாஃப்ட்டைக் கட்டைவிரலால்தான் தள்ளினார். நேராக வைத்தால் தானாகப் போகுமாம்.

"பாய், அன்னைக்கு அப்படி எழுதினது தப்பு" என்றேன். ஒரு வருஷமாகச் சுமந்தது, நாலு வார்த்தைதான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னைக் கிண்டல் பண்ணது கூட பரவால்ல அண்ணாத்தே. எம்பொண்ணு நஸ்ரின்தான் வாரா வாரம் நீங்க எழுதறத எனக்குப் படிச்சிக் காட்டும். அன்னைக்குப் படிச்சிகினே வந்து, பாதில நிறுத்திடுச்சி. 'மீதி நல்லா இல்லப்பா'ன்னு மடிச்சி வெச்சிடுச்சி. அதான் மனசுக்குப் பேஜாரா பூட்ச்சி."

நான் கிரீஸ் டப்பாவை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

"இந்த வாட்டி அது முழுசா படிக்கிற மாரி எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். நஸ்ரின் கண்ணு, இதுவரை நிறுத்தாமல் வந்திருந்தால், மீதியை உன் அப்பா காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படித்துவிடு: கழற்றியது நான். மாட்டியது உன் அப்பா. சுத்தியல் இருந்தது என் கையில்தான்.