பாஸ் என்ற சொல்

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். நகல் எடுப்பது மட்டுமில்லை, சாதிச் சான்று, பாஸ்போர்ட், இறப்புச் சான்று என்று ஆங்கிலத்தில் இருக்கும் விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும் நான்தான். இறந்தவர் என்ற இடத்தில் 'டிசீஸ்ட்' என்று அச்சாகியிருக்கும். பாட்டி இறந்ததற்கு விடுப்புக் கடிதம் என்றால் 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதுவேன். சாவுக்கு ஆங்கிலத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். படிப்பேன், எழுதுவேன். என்னிடம் யாரும் ஆங்கிலத்தில் பேசியதில்லை.

என் தம்பி அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தான். தனியாக வாழும் ஓர் அம்மாளின் வீட்டு மாடியறையில் குடியிருந்தான். முப்பத்து மூன்று வயது. அங்கே கார் லைசென்சுக்கு இரண்டு முறை ஓட்டிக் காட்டி இரண்டு முறையும் தோற்றிருந்தான். "இந்த வாட்டி வுட மாட்டேன்கா. வியாழக்கிழம டெஸ்டு. பாஸானா மொதல்ல உனுக்குத்தான் போன்" என்று சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல், கடையில் கூட்டமாக இருந்தபோது, அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். வீட்டுக்கார அம்மாள் என்று புரிந்தது. என்னவோ வேகமாகச் சொன்னார். தம்பியின் பெயர் வந்தது. போனில் பார்க்க முடியாது என்றாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர், "ஹி பாஸ்ட் திஸ் மார்னிங்" என்றார்.

அது மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஒரு வெள்ளைக்காரர் பேசியது எனக்குப் புரிந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

"பாஸ்! வெரி ஹேப்பி மேடம். தேங்க்யூ மேடம்" என்றேன்.

அவர், "ஐயாம் ஸோ சாரி" என்றார். எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? தாமதமாகச் சொன்னதற்காக இருக்கும்.

"நோ ப்ராப்ளம் மேடம். கிவ் ஹிம் போன்" என்றேன்.

விம்முவது போல ஒரு சத்தம். அதோடு இணைப்பு அறுந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அவன் பாஸாயிட்டாம்மா."

"எங்க நைனா பாஸாயிட்டானா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அம்மா போனிலேயே ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். கடையை விட்டு வரும்போது கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "ஃபாரின்ல காரு ஓட்டப் போறான்" என்று அவள் வாசலில் நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏழு மணி வாக்கில் தம்பியோடு வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி அழைத்தாள். இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவன், டெஸ்டுக்கு நேரமாகிறதே என்று வீட்டுக்கார அம்மாள் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை என்றாள். நெஞ்சு நின்றுபோயிருக்கிறது. "அவங்க உங்களுக்குச் சொல்லிட்டதா சொன்னாங்களே அக்கா" என்றாள்.

பதினோரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. சென்னை விமான நிலையத்திலிருந்து கனகம்மாசத்திரம் வழியாக வேனில் கொண்டுவந்து, எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இரண்டு மணி நேரம் அவளைச் சிரிக்க வைத்தவள் நான். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நான்கு மாதம் போனபின் ஒரு நாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்குக் காத்தால அவன் எதுனா துன்னானா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் வீட்டுக்கார அம்மாள் ஒருவர்தான். என் கணவர் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். "எங்க ஆபீஸ்ல ஒரு சார் நல்லா இங்கிலீஷ் பேசுவாரு. அவர வுட்டுக் கேக்கச் சொல்றேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். செத்துப்போனான் என்று சொன்னவரிடம் ரொம்ப சந்தோஷம் என்று சொன்னது என் வாய். இன்னொருவர் பேசி அது சரியாகாது.

பைபாஸ் பக்கம் செருப்புக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. சனி, ஞாயிறு மட்டும். நடத்தியவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். நர்சிங் முடித்த பெண்களும், ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்கு முயற்சி செய்யும் பையன்களும்தான் அங்கே. நாற்பதை நெருங்கியவள் நான் ஒருத்திதான்.

முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஐ ஹேவ் ஒன் பிரதர்" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"குட். வாட் டஸ் ஹி டூ?" என்று கேட்டாள்.

கேள்வி புரிந்தது. புரிந்தும் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்று நினைத்திருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை.

"அக்கா, அவுங்க செத்துட்டான்னு சொல்றதுக்குக் கஷ்டப்பட்டுகினு பாஸ்டுன்ற அந்த வார்த்தய சொல்லியிருப்பாங்க. நாம காலமாயிட்டாருன்னு சொல்றோம்ல, அது மாதிரி. சாரின்றதும் மன்னிப்பு மட்டும் இல்ல. உங்க துக்கத்துல எனக்கும் பங்கு இருக்குன்றதுக்கும் அதே வார்த்ததான்."

"அப்ப நான் நோ ப்ராப்ளம்னு சொன்னேனே."

"ஆங்" என்றாள் அவள்.

அதன் பிறகு மற்றவர்கள் இன்டர்வியூவுக்குப் பழகும்போது நான் என் கேள்விகளைப் பழகினேன். 'டிட் ஹி ஏட்' என்று எழுதிக்கொண்டு போனேன். அவள் அடித்துத் திருத்தினாள். "டிட் வந்துடுச்சின்னா நடந்து முடிஞ்சதுன்னு அதுவே சொல்லிடும். பின்னாடி வர்ற வார்த்த பழையபடி நிக்கணும். டிட் ஹி ஈட்." சரியாக வரும்வரை சமையலறையில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இன்னொன்றும் சொன்னாள்: "புரியலன்னா தலையாட்டாதீங்க. ஸ்லோலி ப்ளீஸ்னு கேளுங்க. பத்து வாட்டி வேணும்னாலும் கேளுங்க. வெக்கமே இல்ல." அவள் சொல்லிக் கொடுத்ததிலேயே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான். இப்படியே எட்டு வாரம் வகுப்புக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மதியம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தத் தமிழ்ப் பெண் கொடுத்த, வீட்டுக்கார அம்மாளின் எண்ணுக்கு அழைத்தேன். நோட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் அவனுடைய அக்கா. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. டிரைவிங் டெஸ்ட் என்று நினைத்துவிட்டேன். அதனால்தான் சந்தோஷம் என்றேன். என்னை மன்னியுங்கள்.

அவர் வேகமாகப் பேசினார். ஒன்றும் பிடிபடவில்லை. என் தலை தானாக ஆட ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டு, "ஸ்லோலி ப்ளீஸ், மேடம்" என்றேன்.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்றே அவருக்கு விளங்கிவிட்டதாம். திரும்ப அழைக்கத் தைரியம் வரவில்லையாம். தப்பான வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்று அவர்தான் இத்தனை மாதமாக வருந்திக்கொண்டிருந்தாராம்.

"டிட் ஹி ஈட் தட் மார்னிங்?" என்று கேட்டேன்.

"யெஸ். யெஸ், ஹி டிட். பாரிட்ஜ்."

அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. கேட்டேன். ஓட்ஸைப் பாலில் வேகவைத்தது, அவரே செய்து கொடுத்தது, முழுதும் சாப்பிட்டுக் கிண்ணத்தையும் கழுவி வைத்துவிட்டுத்தான் மேலே போனான் என்றார். நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"கஞ்சிம்மா. பால் ஊத்துன கஞ்சி. அவுங்களே கொடுத்தாங்களாம். முழுசா துன்னுட்டுத்தான் படுத்தான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "சூடாதான் குடிச்சிருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நோட்டில் இருந்தது முடிந்துவிட்டது. நன்றி சொல்லி வைக்கப் போனேன். அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டாவது முறை சொன்னபோது புரிந்தது. சின்ன வயதில் அவன் எப்படி இருந்தான்?

அதை நான் பழகியிருக்கவில்லை. இருந்தும் பேசினேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் தெருவில் மோர் கொடுப்பார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான், ஆனாலும் மோர் ஊற்ற அவன் முதலில் ஓடுவான். ஊற்றியதைவிடக் குடித்ததுதான் அதிகம், குடித்துவிட்டு அங்கேயே தூங்கியும் விடுவான். காவடிக்கு ஆங்கிலம் தெரியவில்லை, மோருக்கும் தெரியவில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், அவருக்கு அது தெரியாது என்பதை மறந்து. நடந்ததையெல்லாம் இப்போது நடப்பது போலவே சொல்லிக்கொண்டு போனேன். ஹி ரன், ஹி டிரிங்க், ஹி இஸ் ஸ்லீப்பிங். அவர் ஒரு முறை சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"இன்னும் சொல்லுன்றாங்கம்மா."

அம்மா நகர்ந்து என் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தாள். "அப்ப, ஸ்கூல்ல நாடகத்துல ஆடு வேசம் கட்டிகினு மேடையிலயே தூங்கிட்டான் பாரு, அத்த சொல்லு" என்றாள்.