அம்மன் வரவேண்டிய இடத்தில்

இந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் படுத்துக்கொண்டே படம் பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை. "செம மொக்கைப்பா" என்று மகள் பாதியில் நிறுத்தி வேறு படம் போட்டாள். டிவியில் காட்சி சட்டென்று மாறியதும், சின்ன வயதில் நாங்கள் இருந்த உழவர்கரை வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போதெல்லாம் டெக் எடுத்தால் முதலில் சாமி படம்தான் போடுவோம். அக்காவுக்கு வரன் தள்ளிக்கொண்டே போன வருஷம் அது. படத்தின் முடிவில் அம்மன் வந்து நிற்கும்போது டிவிக்கே சூடம் காட்டி வேண்டிக்கொள்வதென்று அம்மா காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தாள். டிவிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரமும் போட்டிருந்தாள்.

படம் படு சுமார். அம்மன் வரவேண்டிய நேரத்தில் திரையில் கோடு கோடாக ஓடியது. அப்புறம் யாருடைய கல்யாண வீடியோவோ வந்தது. யாரோ அதே கேசட்டில் படத்தை அழித்துக் கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"இன்னாக்கா இது, அம்மனக் கூப்ட்டா மாப்ள வராரு!" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை சிரித்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா டெக்கை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க. நான் கல்யாணத்தத்தான கேட்டேன், அவ அதையே காட்றா" என்றாள் அம்மா. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும்போது சூடத்தைக் கொளுத்தினாள். சிரித்த அத்தைதான் முதலில் எழுந்து கும்பிட்டாள்.

அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா இருந்தவரை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அக்காவோடு அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்வாள். பெயர் தெரியாததால், "அந்த கேசட்டுப் பொண்ணும் நல்லா இருக்கணும் தாயே" என்பாள்.