கடலிலிருந்து பார்க்கும் பனைகள்

கடப்பாக்கத்தை ஒட்டிய கடற்கரையில் ஒரு மணல்மேடு உண்டு. அதன்மேல் முன்பு ஏழு பனைகள் நின்றன. இப்போது ஐந்து நிற்கின்றன. அந்த மேடு ஆலம்பரைக் கோட்டைக்கு எந்தப் பக்கம், சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. புவியியல் கற்பிப்பவன் இடத்தைச் சொல்ல மறுப்பது முறையன்று என்பதை அறிவேன். காரணம் இக்கட்டுரைக்குள்ளேயே வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், செங்கற்பட்டில் நான் பணியாற்றிய கல்லூரியின் புவியியல் துறை, மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடப்பாக்கம் வரையுள்ள கடலோர ஊர்களைக் கள ஆய்வு செய்யும் பொறுப்பை ஏற்றிருந்தது. என் வீடு கூடுவாஞ்சேரியில். நாள்தோறும் தொடர்வண்டியில் செங்கற்பட்டுக்கு வந்து போகிறவனுக்குத் தென்கோடி ஊர்கள் எட்டாக் கையாக இருந்தன. ஆகவே கடப்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியறையை எடுத்துக்கொண்டு சில வாரங்கள் அங்கேயே தங்கினேன்.

எங்கள் ஆய்வுத்தாள் எளியது. ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூன்று வரிகள். அங்கே கிடைக்கும் இயற்கை வளம் யாது, அதனால் பிழைப்போர் யாவர், அவ்விடத்துக்குப் பண்பாட்டுச் சிறப்பு ஏதேனும் உண்டா. ஒரு வரியையும் வெறுமையாக விடுவதில்லை என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட விதி. எதையும் மூவரிடம் கேட்ட பின்னரே எழுதுவேன். உடன் பணியாற்றியவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் தாளை முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அந்த மேட்டைப் பற்றியும் மூவரிடம் கேட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், பேருந்து நிறுத்தத்தில் மீன் விற்கும் பெண்மணி. மூவரும் சொன்னது ஒரே சொற்றொடர்: “சும்மா கெடக்குது.” பனைகள் ஏழும் ஆண்பனைகள், நுங்கு இல்லை. ஏறுவோரும் இல்லை. மேட்டைச் சுற்றி மும்முறை நடந்தேன். விளக்கு வைத்த கல் இல்லை, மஞ்சள் பூசிய செங்கல் இல்லை. மூன்று வரிகளிலும் ‘இல்லை’ என்று எழுதி, கீழே ‘பயன்பாடற்ற நிலம்’ என்று சுருக்கிக் கையொப்பமிட்டேன். நன்றாக முடித்த தாள் என்றே நினைத்தேன்.

பொங்கல் கழிந்து, கிணறுகளில் உப்பேறிய அளவை மறுமுறை பார்ப்பதற்காகக் கடப்பாக்கம் போனேன். பேருந்திலிருந்து கால் தரையில் பட்டதும் அந்த மீன்காரப் பெண்மணியின் குரல் என்னைப் பிடித்தது.

“வாய்யா சார், வா. நல்லாப் படிச்சவருன்னு நெனச்சனே!”

“என்னம்மா ஆச்சு?”

“இன்னா ஆச்சா? பனமரத்தாண்ட கல்லு நட்டுட்டுப் பூட்டானுங்க. எறா குட்டை வெட்டப் போறாங்களாம். இன்னாடா இதுன்னு கேட்டா, ‘உங்க காலேஜ் சாருதான் சும்மா கெடக்குற எடம்னு எழுதிக் குடுத்தாரு’ன்றானுங்க.”

நான் திகைத்துப் போனேன். எங்கள் தாள்களிலிருந்து பயன்பாடற்ற நிலங்களை மட்டும் தனிப் பட்டியலாகத் தொகுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பியதை அறிந்திருந்தேன்; இறால் பண்ணைக்குக் குத்தகை விட அப்பட்டியலைப் பயன்படுத்துவார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“சும்மா கெடக்குதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“ஆமா, சொன்னேன். உன் வூட்டுச் சாவி எங்க கீதுன்னு ரோட்ல போறவன் கேட்டா நீ சொல்லுவியா?”

பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால், கூடைகளை இறக்கிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு, முப்பத்தைந்து. “வாய மூடுக்கா” என்றார்.

“மூடிக்கினு இருந்ததாலதான்டா கல்லு நட்டான்.”

அக்காளும் தம்பியும் அங்கேயே சிறிது நேரம் சண்டையிட்டார்கள். பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைச் சவுக்கு மரங்களின் பக்கம் ஒதுக்கமாக அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் ‘பார்’ என்பார்கள். அப்படி ஒரு பாரை அவர்கள் தந்தை கண்டுபிடித்திருந்தார். “எங்க நைனா கண்டது. அதுல தூண்டில் போட்டுத்தான் எங்க ரெண்டு வூட்டுலயும் சோறு. எங்களத் தவர ஒருத்தனுக்கும் தெரியாது.” நீருக்குமேல் அதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. கரையிலுள்ள ஒரு பொருளும் அதற்கு நெடுந்தொலைவு பின்னால் உள்ள மற்றொரு பொருளும் கடலிலிருந்து பார்க்கையில் ஒன்றன்மேல் ஒன்று வந்து ஒட்ட வேண்டும். அப்படி இரண்டு இணைகள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒட்டும் இடத்தின் கீழே பார் இருக்கிறது. ஓர் இணையின் முன்குறி அந்தப் பனைகள்.

“பனை பூட்டா பாரும் பூட்ச்சி சார். பாரு எங்கன்னு வெளிய தெரிஞ்சாலும் பூட்ச்சி. வடக்கேர்ந்து பெரிய போட்டுக்காரன் வந்தான்னா ஒரே வாரத்துல வழிச்சிக்கினு போயிடுவான்.”

அவர்கள் ஏன் என்னிடம் ஒன்றுமில்லை என்றார்கள் என்பது அப்போது விளங்கியது. ஆடு மேய்த்தவளும் வலை பழுது பார்த்தவரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்த ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. மூன்று வாய்களில் ஒரே விடையைக் கேட்டு மகிழ்ந்தவன் நான்.

கேள்விப்பட்டதை வைத்து என்னால் தாளைத் திருத்த முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருந்த தம்பி அக்காளை ஒருமுறை முறைத்தார். பிறகு சொன்னார்: “நாளைக்கு விடியறதுக்குள்ள வா. காயிதம் பென்சிலு ஒண்ணும் கொண்டாரக் கூடாது. அந்தத் தெசை காட்ற டப்பியும் வேணாம்.”

வெறுங்கையோடு போனேன். கட்டுமரத்தில் தம்பியும் அக்காளின் கணவரும் நானும். அலை தாண்டும் வரை மரத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தேன். தாண்டிய பிறகு கடலுக்குள் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

“இன்னா மச்சான், சாரு நாஸ்தா பூராவும் மீனுக்கே போட்டுட்டாரு!” என்றார் அக்காளின் கணவர்.

“வுடு மச்சான், நமக்கு எரை மிச்சம்.”

வெளிச்சம் வந்தபின் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பல வாரங்கள் அடியடியாய் நடந்து அளந்த கரை, ஒரு விரல் பருமனுள்ள கோடாகக் கிடந்தது. நான் கட்டம் கட்டமாய் எழுதியவற்றில் பெரும்பாலானவை அதில் தெரியவேயில்லை. உப்பளம் இல்லை, தோப்புகளின் எல்லை இல்லை, ஊர்கள் இல்லை. பனைகள் ஏழும் கருக்கோடுகளாக நின்றன. நாங்கள் நகர நகர அவையும், அவற்றுக்கு வெகு பின்னால் இருந்த ஒன்றும், வேறுவேறு விரைவில் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. “பாத்துக்கினே இரு” என்றார் தம்பி. நடுப்பனை மெல்லப் போய் அதன்மேல் ஒட்டியது. உடனே அவர் தம் ஈரக் கையால் என் தாடையைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். அங்கும் இரண்டு பொருள்கள் ஒட்டி நின்றன. கயிற்றில் கட்டிய கல்லை நங்கூரமாக நீருக்குள் விட்டார்கள். தூண்டில் இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் சிவந்த சங்கரா மீன்கள் மரத்தின்மேல் துள்ளின.

ஒரு பொருளின் பயன் அது நிற்கும் இடத்திலேயே இருக்கும் என்னும் எண்ணத்தின்மேல் எங்கள் கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. அந்த எண்ணத்தை நான் அதுவரை ஓர் எண்ணமாகக்கூட அறிந்திருக்கவில்லை. மேட்டை மும்முறை சுற்றியவனுக்கு, அதற்கு முதுகைக் காட்டிக் கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கரையில் அவள் காத்திருந்தாள்.

“பாத்துட்டியா? இப்ப எழுது. பனைய வெட்டக் கூடாதுன்னு எழுது. பின்னால இன்னா கீதுன்னு எழுதாத. சத்தியம் பண்ணு.”

“சத்தியம்லாம் இன்னாத்துக்குக்கா?” என்றார் தம்பி. “சாரு மூஞ்சியப் பாத்தாலே தெரில? பொய் சொல்லத் தெரியாத மனுசன்.”

“அதாண்டா பயமா கீது” என்றாள் அவள்.

செங்கற்பட்டுக்குத் திரும்பி ஆய்வுக்குத் தலைமையேற்றிருந்த பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். நேர்மையானவர், என் ஆய்வேட்டுக்கும் அவரே நெறியாளர். நான் தந்த தாளை நானே தவறென்று சொல்வதில் அவர் குறை காணவில்லை.

“சான்று?” என்றார்.

“நேரில் பார்த்தேன், ஐயா.”

“எங்கிருந்து?”

“கடலிலிருந்து, ஐயா.”

“பின்குறி எது?”

“அதைச் சொல்ல அவர்கள் விடவில்லை, ஐயா.”

அவர் நிலப்படத்தை என் பக்கம் தள்ளிப் பென்சிலையும் வைத்தார். “அந்தப் பாரை இதில் ஒரு புள்ளியாகக் குறித்துக் கொடுங்கள். மீன்பிடிக்கும் இடத்தோடு தொடர்புடையது என்று காட்டிவிட்டால் மேட்டில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. குறிக்காவிட்டால் நீங்கள் சொல்வது கதை. கதைக்காக ஓர் அலுவலகம் குத்தகையை நிறுத்தாது.”

அவர் சொன்னதில் பிழையில்லை. இடைவேளை மணி அடித்து வகுப்புகள் தொடங்கி முடியும் வரை அந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். புள்ளி வைத்தால் பனைகள் தப்பும், பார் போகும். வைக்காவிட்டால் பார் மறைந்திருக்கும். பனைகள் போய்விட்டால் அது உரியவர்களுக்கும் மறைந்துவிடும். அந்த இடத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருக்க முடியும் என்பதே பெருந்தொல்லையாக இருந்தது. பயின்ற கை, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் புள்ளி வைக்காமல் இருப்பது அதற்கு இயல்பன்று.

முடிவில் பழைய கட்டத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ‘கடலில் தொழில் செய்வோர் கரையை அறியும் குறியாக இப்பனைகளைக் கொண்டுள்ளனர், இவை வெட்டத் தகாதவை. இதனை யான் கடலிலிருந்து கண்டேன். பிற விவரம் தரப்படவில்லை.’ ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் பேராசிரியருக்கு எளிதாக இருந்திருக்கும். தெரிந்ததைத் தெரியவில்லை என்று எழுத என்னால் இயலவில்லை. அவர் அதை இருமுறை படித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், அலுவலகத்துக்கு அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து ஓர் அதிகாரி மேட்டைப் பார்வையிட வந்தார். அன்று நானும் போயிருந்தேன். படாளம் பக்கத்து உழவர் குடும்பத்தவர். ஏரியையும் மதகையும் அறிந்தவர், கடலை அறியாதவர். அவர் மீன்காரப் பெண்மணியிடம், “இந்த மரத்த வெச்சிதான் மீன் புடிக்கிறீங்களாமே, எந்த எடத்துல?” என்று கேட்டார்.

“கடல்ல சார்” என்றாள்.

“கடல்ல எங்க?”

“தண்ணிக்குள்ள.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பனைகளைப் பார்த்தேன். “எங்க ஊர்லயும் ஏரியில வாளை எந்தப் பள்ளத்துல கெடக்குதுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே அவர் மேட்டைச் சுற்றி நடந்தார். குத்தகை நிற்கவில்லை. ஆனால் எல்லைக் கற்கள் மேற்கே தள்ளி நடப்பட்டன. இறால் குட்டைக்குக் கரை போட்டபோது ஓரத்துப் பனைகள் இரண்டு சாய்ந்தன. நான் குற்றவுணர்வோடு போய் நின்றபோது தம்பி சிரித்தார்: “ரெண்டு பல்லு பூட்ச்சி சார். கடிக்கிற பல்லு நிக்குது.”

என் ஆய்வேட்டில் பண்பாட்டிடங்களைப் பற்றிய இயலைத் தேர்வாளர் ஒருவர் ‘முழுமையற்றது’ என்று குறித்தார். மறுத்து எழுதவில்லை. அவர் கூறியது மெய்.

இரண்டாயிரத்துக்குப் பின் அதே ஊர்களை மறு ஆய்வு செய்யும் பணி வந்தது. இளைய விரிவுரையாளர் ஒருவர் என்னோடு வந்தார். அவரிடம் இருந்த உள்ளங்கையளவு கருவியைத் தூக்கிப் பிடித்தால், நிற்கும் இடத்தை விண்ணிலுள்ள செயற்கைக்கோள்களிடம் கேட்டுச் சொல்லிவிடும். கூர்மையானவர், பழைய தாள்களையெல்லாம் படித்திருந்தார். கடப்பாக்கம் நிறுத்தத்தில் இறங்கியதும் அந்தத் தாளை எடுத்தார்.

“ஐயா, இதில் ‘பிற விவரம் தரப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பனைகளுக்குப் பின்னால் எதைப் பார்ப்பார்கள்? அதைச் சொன்னால் இப்போதே நிரப்பிவிடலாம்.”

மீன்கூடைக்குப் பின்னாலிருந்து அவள் அவரையும் கருவியையும் மாறிமாறிப் பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது. “இன்னாத்தப் பாக்கறது? ஆகாசந்தான்” என்றாள். “எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற? உங்க சாரையே கேளு.”

இளைஞர் என் பக்கம் திரும்பினார். அவள் சங்கரா ஒன்றின் செதிலைச் சீவுவதை நிறுத்தியிருந்தாள்.

“ஆகாயந்தான்” என்றேன். “பின்னால் வேறொன்றும் இல்லை. வெறும் பனைகளைத்தான் பார்ப்பார்கள்.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கள ஆய்வில் நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றே. அது இன்றும் ஒரு தாளில் என் பெயரோடு இருக்கிறது.

அவள் மீண்டும் செதிலைச் சீவத் தொடங்கினாள். “பரவால்லியே” என்று தம்பிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள், “சாரு தேறிட்டாருடா.”