வெள்ளை ஈயமும் வெள்ளீயமும்

றெமிஜியஸ் எந்தப் பொருளையும் முதலில் உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மெல்ல ஏந்திப் பார்ப்பார். கண்ணால் பார்ப்பதெல்லாம் பிறகுதான். கடையில் மாம்பழத்துக்கும், வேலையிடத்தில் புதிதாக வந்திறங்கிய பெட்டிக்கும், அடுத்தவர் வாங்கிய புதுத் தொலைபேசிக்கும் ஒரே மரியாதை. போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். ஏந்திப் பார்த்துவிட்டு, "நல்ல அடர்த்தியான பிள்ளை" என்றார். அது வாழ்த்துத்தானா என்று தாய்க்கு இன்னும் தெளிவில்லை.

வயது ஐம்பத்தொன்பது. பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் போர்க்லிப்ற் ஓட்டுகிறார். குடியிருப்பது வெக்ஸ்போர்ட்டில், ஒன்பதாம் மாடியில். படுக்கையறை அலுமாரியின் ஐந்து லாச்சிகளில் நான்கைக் கற்கள் பிடித்துக்கொண்டன. ஐந்தாவதில் கணவன் மனைவி இருவருடைய காலுறைகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. "கலியாணம் பேசேக்க ஆள் கப்பலுக்குப் போவார் எண்டு சொன்னவை," என்பார் மனைவி அன்ரனெற். "கல்லுக்குப் போவார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

கனிமவியலை யாரும் அவருக்குப் படிப்பிக்கவில்லை. நூலகத்துப் புத்தகங்களும், மாதம் ஒருமுறை கூடும் கல் சேகரிப்போர் சங்கமும், பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த இரசாயனமும்தான் முதல். இன்றைக்கும் அவர் குறிப்பேட்டில் கார்பனேட் கிடையாது, காபனேற்றுத்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய செப்புச் சத நாணயம் இருக்கும். எந்தக் கல்லை அது கீறும், எந்தக் கல்லைக் கீறாது என்று பார்ப்பதற்கு. "அரசாங்கம் சதத்தை நிப்பாட்டிப்போட்டுது. நான் நிப்பாட்டேல்லை."

இரண்டு வருடத்துக்கு முன்பு, இறந்துபோன ஒரு சேகரிப்பாளர் வீட்டில் பழைய சாமான்கள் விற்றார்கள். அங்கே சப்பாத்துப் பெட்டி நிறையக் கற்களை வாங்கிவந்தார். அடியில், விரல் நகம் அளவில் வெண்ணிறப் பளிங்கு ஒன்று. கூட இருந்த துண்டில் ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு பழைய ஈயச் சுரங்கத்தின் பெயர் மட்டும் இருந்தது. கல்லின் பெயர் இல்லை. உள்ளங்கையில் வைத்தவுடனேயே ஈயம் என்று கை சொல்லிவிட்டது. அந்தச் சிறிய உடம்புக்கு அவ்வளவு பாரம்.

ஆனால் எந்த ஈயம்? அந்தச் சுரங்கத்தில் செறுசைற் கிடைக்கும். அது சாதாரண ஈயக் காபனேற்று, உலகத்தில் பல இடங்களில் உண்டு. லெட்ஹிலைற்றும் கிடைக்கும், காபனேற்றோடு சல்பேற்றும் கலந்தது. ஸ்கொட்லாந்து, நமீபியா, அரிசோனா என்று நல்ல பளிங்கு கிடைக்கும் இடங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, உடைத்துப் பார்ப்பது. செறுசைற் கண்டபடி நொருங்கும். லெட்ஹிலைற் வெங்காயத் தோல்போல ஒரே திசையில் ஏடாகக் கழன்று வரும். கழன்ற முகம் சிப்பியின் உட்புறம்போல மினுங்கும். சங்கத்தில் ஓய்வுபெற்ற புவியியலாளர் ஒருவர் சொன்னாராம்: ஒரு மூலையைக் கிள்ளித் தாருங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்கிறேன்.

றெமிஜியஸ் கொடுக்கவில்லை. "உடைச்சுப்போட்டுப் பேரை அறிஞ்சு என்ன? பேர் இருக்கும், கல் இராது."

"இப்ப கல் இருக்குது, பேர் இல்லை," என்றார் அன்ரனெற். "அதாலதானே ரெண்டு வருசமா நித்திரையில புறுபுறுக்கிறியள்."

சென்ற சனிக்கிழமை தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஒரு கண்காட்சி. மூன்று வருடம் கேட்டுக் கேட்டு றெமிஜியஸ் தன் கற்களை வைக்க ஒரு மேசை வாங்கியிருந்தார். கற்களுக்குத் தமிழில் அட்டை அச்சடித்துக் கொடுத்தவர் அருள்நாயகம். கலியாண அட்டை அடிப்பவர், தமிழில் பிழை பொறுக்காதவர். பளிங்குக்கு றெமிஜியஸ் எழுதிக் கொடுத்தது: 'வெள்ளை ஈயக் கனிமம். பெயர் உறுதியில்லை.' மேசையில் இருந்தது: 'வெள்ளீயக் கனிமம். பெயர் உறுதியில்லை.'

"தம்பி, உது என்ன?"

"சேர்த்து எழுதினனான் அண்ணை. வெள்ளை, ஈயம். வெள்ளீயம். பிரிச்சு வைச்சால் வாசிக்கேக்க கல்லுக் கடிச்ச மாதிரி."

"வெள்ளீயம் எண்டால் தகரமடா."

"அதுக்கு இலக்கணம் என்ன செய்யும்?"

"ஈயம் நஞ்சு. தகரம் நஞ்சில்லை. உன்ர இலக்கணம் நஞ்சை எடுத்துப்போட்டுது."

அருள்நாயகம் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. றெமிஜியஸ் அட்டையைத் திருத்தப் பேனை தேடி வாசல் மேசைப் பக்கம் போனார். மூன்று நிமிடம் இருக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில் ஜெனாட் வந்தார். பங்குப் பாடகர் குழுவில் பாடுபவர். ஒரு கையில் பாதி கடித்த இறைச்சி றோல்ஸ். அட்டையை உரக்க வாசித்தார். "வெள்ளீயமோ? இது எங்கட வீட்டுப் பித்தளைச் சட்டிக்குப் பூசுறதெல்லே. அதிலதானே சாப்பிட்டு வளந்தனாங்கள்." றோல்ஸை ஒரு கணம் பல்லில் கவ்விக்கொண்டு சிறிய பெட்டியைத் திறந்தார், கல்லை எடுத்துப் பெருவிரலால் நன்றாகத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கல்லை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, தேய்த்த விரல்களாலேயே றோல்ஸை எடுத்து இன்னொரு கடி கடிக்கப் போனார்.

"பிள்ளை, வாயில வைக்காதேங்கோ. அது ஈயம்."

பேனையோடு திரும்பிவந்த றெமிஜியஸின் குரல் உயரவில்லை. ஆனாலும் ஜெனாட்டின் விரல்கள் விரிந்தன. கல் சீமெந்துத் தரையில் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை.

றெமிஜியஸ் குனிந்தார். பளிங்கு இரண்டாகக் கிடந்தது. பிரிந்த முகம் தட்டையாக, ஒரே ஏடாக, சிப்பியின் உட்புறம்போல மினுங்கிற்று. நொருங்கல் ஒன்றும் இல்லை. பார்த்த நேரம் ஒரு மூச்சளவு இருக்கும். பக்கத்து மேசையிலிருந்து ஒரு வெறும் கடுதாசிக் கோப்பையை எடுத்து, யாரும் மிதிக்காமல் இரண்டு துண்டுகளின் மேலும் கவிழ்த்து மூடினார்.

"ஐயோ அண்ணை, உடைச்சுப்போட்டனே. எவ்வளவு பெறுமதியோ."

"கடிச்சனீங்களோ?"

"கல்லைத் தொட்டாப் பிறகு இல்லை."

றோல்ஸை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் குப்பையில் போட்டார். "வாங்கோ."

மண்டபத்துக் குசினியில் குழாயைத் திறந்து, ஜெனாட்டின் இரண்டு கைகளிலும் சவர்க்காரத்தை ஊற்றினார். கழுவிய பிறகு இன்னொரு முறை ஊற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருடைய நகங்களை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.