ரேடியோ சொன்ன மழை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒரு மனிதரைப் பற்றி எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில், கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அப்பளக் கொட்டகைக்கு எதிரே ஓர் அரசு அலுவலகம் இருந்தது. அங்கே மழைமானியைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியானவர். சட்டையில் கசங்கல் இருக்காது. தினமும் காலையில் அதில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவு பார்ப்பார். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மேலிடத்துக்குச் சொல்வார். வானிலை அறிக்கை தயாரிக்க அந்தக் கணக்கும் வேண்டுமாம்.

ஓர் ஐப்பசியில் கல்யாண வீட்டுக்கான அப்பளம் முழுவதும் மறுநாளே காய்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, நாளைக்கு மழை வருமா?”

“வராதுன்னு ரேடியோவில சொல்லுதான். தைரியமாக் காயப்போடும் வே.”

“நேத்து லேசான மழைன்னுதான் சொன்னான். கொட்டித் தீர்த்துட்டே?”

“ஆமா, குவளை ரொம்பிட்டு.”

“மேல அப்படியே சொல்லிட்டீயளா?”

“லேசான மழைன்னு சொன்னேன். படிச்சவங்க சொன்னதை நாம பொய்யாக்கலாமா வே? பெறவு ஏன், எதுக்குன்னு நம்மளத்தான் கேப்பாவ.”

பிறகு எதற்காக அத்தனை கவனமாக அளக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் மதியம் மழை கொட்டியது. அப்பளம் கூழானது. மேலிடத்துக்கு அவர் சொன்ன கணக்கில் அன்று மழை இல்லை.